ஆய்வுக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது

பள்ளிக் கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். பொதுத்தேர்வு முடிவுக்குப் பின் நடந்த ஓர் ஆய்வுக் கூட்டத்தில், தேர்ச்சி குறைந்த பாட ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நானும் நின்றேன். என் வகுப்பில் மூவர் தவறியிருந்தார்கள். விளக்கக் கடிதத்தில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

மூவரில் ஒருவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவன். 52இல் 17 போனால் 45 என்று எழுதுவான். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்தால் போதும் என்பது அவன் எண்ணம். பள்ளி விட்டபின் தீக்குச்சிக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து உட்கார்ந்தோம். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குள் பின்னக் கூட்டலைத் தானே போட்டான். பொதுத்தேர்வில் 31 மதிப்பெண். 35 எடுக்காததால் உங்கள் படிவத்தில் அவன் தோல்விக் கணக்கில் ஒரு எண்.

அவனைத் தேற்றிவிடும் வழி எங்கள் எல்லாருக்கும் தெரியும். வடிவியலும் வரைபடமும் சேர்த்து 16, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, மனப்பாடமாக ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு. 35 வந்துவிடும். ஜனவரியிலிருந்து இதையே திரும்பத் திரும்ப எழுத வைத்துப் பல பிள்ளைகளை நானே தேற்றியிருக்கிறேன். அப்படித் தேறிய ஒருத்தி துணிக்கடை வேலைக்குப் போன ஒரே வாரத்தில் என்னிடம் வந்து, "சார், தள்ளுபடி போடத் தெரியலை" என்று அழுதாள். அவள் தேறிய ஆண்டு என் வகுப்பு நூறு சதவீதத் தேர்ச்சி. எனக்குப் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. அதை இன்றுவரை சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

மாணவர்களை மனஉளைச்சலுக்கு ஆளாக்குகிறது என்றுதானே 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினீர்கள்? நல்ல முடிவு. ஆனால் மாவட்ட வாரியாகத் தேர்ச்சிப் பட்டியல் மட்டும் ஆண்டுதோறும் வருகிறது. அந்த நெருக்கடி மாவட்டத்திலிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து எங்களுக்கும் இறங்கி, கடைசியில் மெல்லக் கற்கும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

ஆசிரியரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வகுப்புக்கே போகாதவரைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் பிள்ளை ஒன்பதில் சேரும்போது எந்த நிலையில் இருந்தது என்பதையும் படிவத்தில் ஒரு கட்டமாகச் சேர்த்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தப் பையன் துணைத் தேர்வுக்குப் படிக்கிறான். மாலையில் வீட்டுக்கு வருகிறான். அடுத்த கூட்டத்துக்கு அவனுடைய இரண்டு ஆண்டு நோட்டுகளையும் எடுத்து வருகிறேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு என்னை நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்