அப்பா இப்ப படுத்து தூங்குறாரு, எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு கழுத்து ஆபரேஷன் முடிஞ்சு நாளையோட ஒரு மாசம், எப்படி இருக்காருன்னு போன் பண்ணவங்களுக்கெல்லாம் தனித்தனியா பதில் சொல்ல முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

மூணு வருஷமா தாடைக்கு கீழயும் பிடரியிலயும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீக்கம். ஊர்ல தைராய்டுன்னாங்க, ஒரு டாக்டர் வெயிட்ட குறைங்கன்னு அனுப்பிட்டாரு, அப்பா சோத்த குறைச்சு கைகால் குச்சியானதுதான் மிச்சம், கழுத்து அப்படியேதான் இருந்துச்சு. கடைசி ஆறு மாசம் படுத்தாலே மூச்சு முட்டும், சாய்வு நாற்காலிலதான் தூக்கம், குறட்டை திடீர்னு நின்னுடும், அடுத்த மூச்சு எப்ப வரும்னு வீடே காத குடுத்துட்டு கெடக்கும்.

பெரியாஸ்பத்திரி இ.என்.டி. டாக்டரம்மாதான் இது கழுத்த சுத்தி கொழுப்பு சேந்துக்கற மேடலுங் நோயின்னு கண்டுபிடிச்சாங்க, 1888லயே ஒரு ஜெர்மன் டாக்டர் 33 பேருக்கு இருந்தத எழுதி வச்சிருக்காராம். சாதா கொழுப்புக் கட்டின்னா உறை இருக்கும், முழுசா உருவிடலாம், இது உறையே இல்லாம தசை, நரம்பு, ரத்தக்குழாய்க்கு நடுவுலல்லாம் பூந்துருக்குன்னு ஸ்கேன காட்டி சொன்னாங்க. குடிக்கறவங்களுக்குத்தான் அதிகமா வருதுன்னதும் அப்பா தலைய குனிஞ்சுட்டாரு. அவங்க திட்டல, "இன்னையோட விட்டுடுங்கய்யா, மிச்சத்த நாங்க பாக்குறோம்"னாங்க. விட்டுட்டாரு! டாக்டரம்மா, எங்கம்மா உங்களுக்கு தனியா ஒரு கும்பிடு போடச் சொன்னாங்க.

அடுத்து மயக்க டாக்டர் சார். இந்த கழுத்துக்கு மயக்கம் குடுத்தப்புறம் மூச்சு டியூப் போக வழி கிடைக்கலன்னா உயிருக்கே ஆபத்துன்னு, அப்பா முழிச்சிருக்கும்போதே தொண்டைய மரத்துப்போக வச்சு மூக்கு வழியா கேமரா டியூப விட்டிருக்காரு. அந்த நேரம் பூரா ஒரு சிஸ்டர் கைய பிடிச்சுகிட்டு "இன்னும் கொஞ்சம்தான்ப்பா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்களாம், அப்பா அத இப்பவும் சொல்லி சொல்லி கண் கலங்குறாரு, அந்த சிஸ்டர் பேர கேக்காம வந்துட்டோம்னு எனக்கு இன்னும் உறுத்துது.

அஞ்சு மணி நேரம் ஆச்சு, ஒரு கிலோவுக்கு மேல எடுத்தாங்க. முழிச்சதும் பெரிய டாக்டர் "எங்க, பல்ல காட்டுங்க"ன்னாரு, நாங்க புரியாம முழிச்சோம், முகத்து நரம்புக்கு ஒண்ணும் ஆகலயான்னு பாக்கறதுக்காம். வெத்தல கறை பல்லு அத்தனையும் தெரிய சிரிச்சாரு மனுஷன்.

ரத்தம் குடுத்த காலேஜ் தம்பிங்க ரெண்டு பேரு, ராத்திரி ரெண்டு மணிக்கும் வண்டி எடுத்த ஆட்டோ அண்ணன், எனக்கும் சேத்து கஞ்சி கொண்டுவந்த பக்கத்து பெட் ஆச்சி, உங்களையெல்லாம் எப்படி மறக்கறது.

வீட்டுக்கு வந்த முத நாள் ராத்திரி அப்பா பாய விரிச்சு மல்லாக்க படுத்தாரு, ஒரு சத்தமும் இல்ல, அம்மா பயந்துபோய் மூக்குக்கு கீழ விரல வச்சு பாத்துட்டு அப்புறம்தான் படுத்தாங்க. திரும்பவும் வளரலாமாம், செக்கப்புக்கு வந்துட்டே இருக்கணும்னு சொல்லிருக்காங்க. அடுத்த வாரம் வர்றோம் டாக்டரம்மா, மூணு வருஷமா பெட்டியில கெடந்த நீலச் சட்டைய கழுத்து பட்டன் வரைக்கும் போட்டுட்டுதான் வருவாராம்.