மாலதிக்கு, ஒரு சண்டையும் ஒரு புத்தகமும்

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்கு நீ என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். நாவல் அச்சுக்குப் போகும்வரை வேறு எதற்கும் கை ஓடவில்லை. போன வாரம் புத்தகம் வந்துவிட்டது, பெயர் 'விடுபட்ட வரி'. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

"கொலைக் கதை என்றால் யார் செய்தது என்று தெரிந்ததும் தீர்ந்துபோகும், திரும்ப எடுத்துப் படிக்க என்ன இருக்கிறது?" என்று எழுதியிருந்தாய். தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் கதைகளைப் படித்த காலத்திலேயே கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. உனக்கு எந்தக் கதைதான் தீராது? நம் மாமா இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உனக்குப் புத்தகத்தைக் கொடுத்திருப்பார்.

நல்ல துப்பறியும் நாவல் இரண்டாம் முறை படிப்பதற்காகவே எழுதப்படுகிறது என்பது என் கட்சி. 1926-ல் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையை எடுத்துக்கொள். ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று அப்போதே கோபப்பட்டவர்கள் உண்டு. முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பார், உண்மை கண்ணெதிரேதான் இருந்திருக்கும், நாம்தான் வேறு மாதிரி படித்திருப்போம். ரோனல்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிகிறவருக்குக் கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. மற்றவை போனாலும் போகட்டும், அந்த ஒன்றை நான் மீறவே மாட்டேன்.

யார் செய்தது என்பதுதான் எல்லாம் என்கிறாயே, அந்தோணி பெர்க்லியைப் படி. 1929-ல் வந்த அவருடைய நஞ்சு கலந்த சாக்லேட் நாவலில் கொலை ஒன்றுதான். ஆறு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள், ஒவ்வொன்றையும் நம்பத் தோன்றுகிறது. இரண்டே வருடத்தில் அதே மனிதர் பிரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் நேர் எதிராக ஒன்று எழுதினார். ஒரு டாக்டர் தன் மனைவியைக் கொல்லப்போகிறார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார். நீ தேடும் கடைசிப் பக்கம் அங்கேயே முடிந்தது! ஆனாலும் கீழே வைக்க முடியாது. அப்புறம் ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'புள்ளிகளும் கோடுகளும்' (Points and Lines) நாவல். ஒரு ரயில் நிலையம், இடையில் ரயில் எதுவும் மறைக்காமல் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றைப் பார்க்கக் கிடைக்கும் நான்கே நிமிடம், இதை வைத்து ஒரு முழு வழக்கு. ரயில் அட்டவணையைப் பார்த்து மனசு படபடத்தது எனக்கு அதில்தான். நீ இதிலிருந்தே தொடங்கு.

சரி, விளையாட்டை விடு. முதல் வாசிப்பில் நாம் கொலையாளியைத்தான் தேடுகிறோம், செத்தவரை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாம் வாசிப்பில் அவர் முதல் அத்தியாயத்தில் நடந்து வருகிறார், யாரிடமோ கோபித்துக்கொள்கிறார், நாளைக்கு என்று ஏதோ திட்டம் போடுகிறார். அவருக்கு நாளை இல்லை என்பது நமக்குத் தெரியும். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும், மாலதி. முதல் பக்கத்திலேயே பிணம் வேண்டும் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அப்படி எழுதினால் அது யாருடைய பிணம் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கவலையில்தான் இந்த நாவலையே எழுதினேன்.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தாளர் ஒருவர். பழைய வழக்கு ஒன்றில் தான் எடுத்த வாக்குமூலக் குறிப்பையும் அதன் தட்டச்சுப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிரதியில் ஒரு வரி இல்லை. அந்த வரி செத்துப்போன பெண் கடைசியாகச் சொன்னது. அவள் ஆறாம் அத்தியாயம்வரை உயிரோடு இருக்கிறாள். அதைக் குறைக்கச் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் எழுதியதில் இதுதான் சிறந்தது. இதே சுருக்கெழுத்தாளர் வரும் முந்தைய இரண்டு நாவல்களையும் படித்திருக்க வேண்டியதில்லை, வழக்குகள் தனித்தனி. ஆனால் இது பிடித்தால் அவற்றையும் வாங்கு, உன் அண்ணனையும் வாங்கச் சொல். அவர் இன்னும் இரவல் வாங்கித்தான் படிக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

உனக்கு ஒரு பிரதி தபாலில் வருகிறது. கையில் பென்சிலோடு படி. யார் மேல் முதலில் சந்தேகம் வருகிறதோ அந்த வரியில் கோடு போட்டுப் பக்க எண்ணை எனக்கு எழுது. நான்காம் அத்தியாயத்துக்கு முன்பே சரியாகப் பிடித்துவிட்டால் அடுத்த நாவலை உனக்கே சமர்ப்பணம் செய்கிறேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோடு போட்டால் செல்லாது.

அன்புடன்,
உன் சுமதி