‘திருவோண ஸ்பெஷல்’ விற்ற பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
பொழுதுபோக்குப் பூங்கா ரசிகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: திருவோண நாள் சிறப்புச் சீட்டில் சொன்னபடி சவாரியும் இலைச் சாப்பாடும் தராதது – கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திருவோணத்துக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அதை மனத்தில் வைத்துத்தான் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிக்கென்றே தனி நோட்டீஸ் அடித்து, மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் தங்கள் பூங்காவுக்கு ஆள் கூப்பிட்டீர்கள். சாதாரணச் சீட்டு 1,290 ரூபாய், ‘திருவோண ஸ்பெஷல்’ 1,890. கூடுதல் 600 ரூபாய்க்கு நோட்டீஸ் சொன்னவை: ரோலர் கோஸ்டருக்கு விரைவு வரிசையில் ஒரு சவாரி, 21 கூட்டம் (வகை) கறியோடு ஓணசத்யா என்னும் ஓண விருந்து, மாலை ஆறு மணி வரை அலைக்குளம். ஒன்றும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. சேவை மையத்தில் கேட்டபோதும், பிறகு மின்னஞ்சலில் வந்த பதிலிலும் சொன்ன காரணம் ஒன்றே: ‘பண்டிகைக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம்.’

இந்தக் காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஸ்பெஷல் சீட்டு முழுவதும் முன்பதிவில் விற்றது. ‘முதல் 1,500 பேருக்கு மட்டும்’ என்று நோட்டீசில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை இலை போட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கணினியில் முன்கூட்டியே இருந்தது.

முதலில் ரோலர் கோஸ்டர். ஒரு ரயிலில் 24 இருக்கை. தடத்தில் இரண்டு ரயில் ஓட வேண்டும். ஒன்று மேலே சுற்றும்போது இன்னொன்றில் ஆள் ஏற்றினால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்பும், மணிக்கு 720 பேர் போகலாம். அன்று ஓடியது ஒன்றே ஒன்று. மற்றது பராமரிப்புத் தடத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது, வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு ரயில் மட்டும் என்றால் அது சுற்றி வந்து, ஆள் இறங்கி, அடுத்தவர் ஏறி, மடிக் கம்பியை ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து முடிக்கும்வரை தடம் சும்மா கிடக்கும். போதாக்குறைக்கு நடைமேடையில் பை வைக்கும் பெட்டி இல்லை. ஏறுகிறவர் பையையும் செருப்பையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார வேண்டும். அதிலேயே ஒன்றரை நிமிடம் போகிறது. ஆக, ஆறரை ஏழு நிமிடத்துக்கு ஒரு சவாரி. மணிக்கு ஒன்பது சவாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 216 பேர்.

பூங்கா திறந்திருந்தது பதினொன்று முதல் ஆறு வரை, ஏழு மணி நேரம். 216 பேர் வீதம் ஏழு மணி நேரத்தில் 1,512 பேர். அதாவது சாதாரணச் சீட்டுக்காரர் ஒருவர்கூட ஏறாமல், இடையில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினால்தான் 1,500 ஸ்பெஷல் சீட்டுக்கும் ஒரு சவாரி தர முடியும். அன்று விரைவு வரிசை சாதாரண வரிசையைவிட நீளமாக இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வாசல் பலகை கடைசிவரை ‘காத்திருப்பு 45 நிமிடம்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது; உள்ளே நின்றவர்களுக்கு ஆனது இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

பிற்பகலில் இடி மின்னலுக்காகச் சவாரியை நிறுத்தியது எங்கள் புகாரில் சேராது. உயரத்தில் ஓடும் சவாரியை மின்னலிலும் பலத்த காற்றிலும் நிறுத்தத்தான் வேண்டும். இரண்டாவது ரயிலை ஓட்டாததற்கும் பாதுகாப்புக் காரணம் இருந்திருக்கலாம்; சக்கரத்திலோ பிரேக்கிலோ சந்தேகம் இருக்கும் ரயிலை வெளியே எடுக்கச் சொல்ல எங்களுக்கும் மனமில்லை. ஆனால் அது ஓடாது என்று தெரிந்த அன்றே விரைவுச் சவாரி விற்பனையை நிறுத்தியிருக்க வேண்டும், விற்றவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்க வேண்டும். ஒரு ரயிலில் விரைவு வரிசைக்கு மூன்றில் ஒரு பங்கு, எட்டு இருக்கை ஒதுக்கினால்தான் மற்ற வரிசை நகரும். அன்று நடைமேடை ஊழியர் 16 இருக்கையை விரைவு வரிசைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாதாரண வரிசைக்கு மணிக்கு 72 பேர். சண்டை வந்ததில் என்ன ஆச்சரியம்? அவரைக் குறை சொல்லவில்லை, ஏச்சு வாங்கியது மட்டும் அவர்தான்.

உயர அளவு இன்னொரு தலைவலி. கோஸ்டருக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். நுழைவாயிலில் செருப்போடு நிற்கவைத்து அளந்து பச்சைப் பட்டை கட்டுகிறீர்கள். நடைமேடையில் செருப்பைக் கழற்றி அளந்து திருப்பி அனுப்புகிறீர்கள். இடையில் இரண்டு மணி நேர வரிசை. அழுதுகொண்டே படியிறங்கும் பிள்ளைகளையும் அவர்களோடு இறங்க வேண்டிவந்த பெற்றோரையும் பார்த்தோம். வாசலிலேயே வெறுங்காலோடு ஒருமுறை சரியாக அளந்தால் முடிந்தது.

அலைக்குளத்தை நாலரை மணிக்கே மூடிவிட்டீர்கள், ஆறு மணி என்றது நோட்டீசோடு சரி. மூடும் முன்பே குளத்தருகில் கண் எரிச்சலும் மூக்கைத் துளைக்கும் நெடியும் இருந்தன. கேட்டதற்கு, ‘குளோரின் நிறையப் போட்டிருக்கிறோம், அதுதான் வாசனை’ என்றார் உங்கள் மேற்பார்வையாளர். நல்ல நிலையில் இருக்கும் குளத்தில் அப்படி நெடி அடிக்காது. வியர்வை, சிறுநீர் முதலியவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த நெடிக்கும் எரிச்சலுக்கும் காரணம். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகிறது என்பதற்கு அது அறிகுறி. தண்ணீரில் தனித்து நிற்கும் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். கூட்ட நாளில் மணிக்கொருமுறை சோதித்து, அளவைக் குளத்தருகே பலகையில் எழுதுவது பெரிய காரியமா? குளத்தில் இறங்கும் முன் குளிப்பதற்கு இருந்த ஆறு ஷவரில் தண்ணீர் வந்தது இரண்டில். பருத்தித் துணியோடு இறங்கவிடாமல் தடுக்கிறீர்கள், சரிதான், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். ஆனால் வியர்வையோடு இறங்குகிறவரைத் தடுக்க ஒரு ஆளும் இல்லை.

இனி சாப்பாடு. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஓணசத்யா போடுகிறோம் என்று விளம்பரம் செய்தால், ஒவ்வொரு கறியையும் அடையாளம் கண்டு சாப்பிடுகிறவர்கள் வருவார்கள் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். 21 கூட்டத்தில் எங்கள் பந்திக்கு வந்தது 13. ஓலன் இல்லை, எரிசேரி இல்லை, புளிசேரி தீர்ந்துவிட்டது, போளி முதல் பந்தியோடு சரி. போளி இல்லாத பால்பாயசத்தை டம்ளரில் தந்தார்கள். வாழையிலையும் முதல் பந்திக்கு மட்டும். பிறகு இலை படம் அச்சிட்ட காகிதம், சூடான பருப்பை ஊற்றியதும் ஊறிக் கிழிந்தது. பரிமாறும் வரிசையும் போய்விட்டது. பருப்பும் நெய்யும் பப்படமும் வருமுன் ரசம் வந்தது; சாம்பார் வரும்போது பிரதமன் பாயசமும் கூடவே வந்தது.

அவியல் புளித்திருந்தது. மாங்காய்ப் புளிப்பும் தயிர்ப் புளிப்பும் எங்களுக்குத் தெரியும். இது கெட்டுப்போன புளிப்பு. பச்சைத் தேங்காய் அரைத்துச் சேர்த்த கறியை மூடிவைத்து, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் மணிக்கணக்கில் போட்டால் அப்படித்தான் ஆகும். சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்க வேண்டும். அவியலை அந்தச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் சேனையும் வெள்ளரியும் குழைந்துவிடும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் சத்யா போடும் சமையல்காரர்கள் காயைத் தனியே அரைவேக்காடாக எடுத்துவைத்து, பந்திக்குப் பந்தி தேங்காய் அரைப்பைச் சேர்த்து, கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு இறக்குகிறார்கள். 1,500 பேருக்கும் காலையிலேயே ஒரே வார்ப்பு அண்டாவில் செய்து அடுக்குகிற கறி இது இல்லை.

அடையும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் பாயசமான அடப்பிரதமன் திரிந்துபோயிருந்தது. மேலே தெளிந்த பாகு, கீழே குருணையாகத் தேங்காய்ப்பால், நடுவில் பிசினாக ஒட்டிய அடை. அடையை வெந்நீரில் ஊறவைத்து வெந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசவில்லை, அதனால் ஒட்டியிருக்கிறது. வெல்லப்பாகில் அடையை வரட்டி, மூன்றாம் பால், இரண்டாம் பால் என்று ஊற்றிக் கொதிக்கவிட்டு, முதலில் பிழிந்த கெட்டியான தலைப்பாலை ஊற்றியதும் அடுப்பை அணைக்க வேண்டும். தலைப்பால் சேர்த்த பிரதமனை அடுத்த பந்திக்காக மறுபடி கொதிக்கவைத்திருக்கிறார்கள். திரியாமல் என்ன செய்யும்? ஒரு கிலோ அடைக்குச் சுமாராக இரண்டு முதல் இரண்டரை கிலோ வெல்லமும் எட்டுப் பத்துத் தேங்காயும் போனால் ஐம்பது அறுபது பேருக்கு வரும். 1,500 பேருக்கு 25 முதல் 30 கிலோ அடை, 200 தேங்காய்க்குக் குறையாது. உங்கள் சமையல்கூடத்தின் கொள்முதல் பில்லை எடுத்துப் பார்த்தால், எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியவரும்.

பலகாரக் கடையில் ‘தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் வத்தல்’ (நேந்திரங்காய் சிப்ஸ்) என்று பெரிய எழுத்தில் பலகை. பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாமாயில். இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து இணைத்திருக்கிறோம். முந்திரிக்கொத்து பொட்டலத்துக்குள்ளேயே உதிர்ந்து ஈரமாகக் கிடந்தது. பாகு பதம் இளகியிருந்தாலும் உருண்டை உதிரும். சூடு ஆறுமுன் பொட்டலம் கட்டினாலும் வேர்த்து நமுத்துப்போகும். உங்களுடையதில் இரண்டும் நடந்திருக்கிறது.

ஓணசத்யா தவிர நாங்கள் தனியாக வாங்கிய சாப்பாட்டின் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். கேட்காமலே பில்லில் இதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது. கவுண்டரில் நாங்களே வரிசையில் நின்று, நாங்களே தட்டு எடுத்து வந்த சாப்பாட்டுக்கு இதில் சேவை எது என்பதையும் விளக்கினால் நல்லது.

நாங்கள் கேட்பது: ஸ்பெஷல் சீட்டுக்குக் கூடுதலாக வாங்கிய 600 ரூபாயையும் சேவைக் கட்டணத்தையும், இணைப்பில் உள்ள முன்பதிவு எண்கள் ஒவ்வொன்றுக்கும், பணம் வந்த கணக்குக்கே 15 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ‘அடுத்த வருகைக்கு 20 சதவீதத் தள்ளுபடி’ கூப்பன் வேண்டாம். அன்றைய அலைக்குள நீர்ச் சோதனைப் பதிவேட்டின் நகல் வேண்டும்.

கிறிஸ்துமஸ் ஸ்பெஷலுக்கு இப்போதே விளம்பரம் தொடங்கிவிட்டீர்கள். அந்தச் சீட்டை விற்குமுன் எத்தனை ரயில் ஓடும் என்று உறுதிசெய்து, விரைவுச் சவாரியை மணிவாரியாக நேரம் குறித்து, மணிக்குப் போகும் ஆட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் விற்க வேண்டும். நடைமேடையில் இருபக்கமும் திறக்கும் பை அலமாரி ஒன்று வைத்தால் ஒவ்வொரு சவாரிக்கும் ஒன்றரை நிமிடம் மிச்சம். சாப்பாட்டுச் சீட்டில் பந்தி நேரத்தை அச்சிட வேண்டும். காத்திருப்பு நேரப் பலகையை அரைமணிக்கொருமுறை மாற்ற வேண்டும், மாற்ற ஆள் இல்லையென்றால் கழற்றிவிடலாம்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவுசெய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நிறுவனம் எங்கே இருக்கிறது என்பது தடை இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)

இணைப்பு: நோட்டீஸ் நகல், முன்பதிவு எண்கள், சாப்பாட்டு பில்கள், வத்தல் பொட்டலப் படம், தார்ப்பாய் போர்த்திய ரயிலின் படம், காத்திருப்புப் பலகையை வெவ்வேறு நேரத்தில் எடுத்த படங்கள்.