சந்தன மாலையை மறுபடி வாங்கச் சொல்லாதீர்கள்

அனுப்புநர்:
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர், திருச்சி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: என் கணக்குக்கு வரும் பொருந்தாத பரிந்துரைகளை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் வாங்கிய பொருள்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சொன்ன நாளில் வருகின்றன, கொண்டுவரும் தம்பிகளும் மரியாதையானவர்கள். வாங்கி முடித்த பிறகு உங்கள் செயலி அனுப்பும் பரிந்துரைகளைப் பற்றித்தான் இந்தப் புகார்.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். காரியத்துக்கு முன்னால் அவர் படத்துக்குப் போட உங்களிடம் ஒரு சந்தன மாலை வாங்கினேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது. அப்போது போன் அம்மா கையில் இருந்தது. அவர் பார்ப்பதற்காகவே செயலியைத் தமிழில் வைத்திருக்கிறேன். "சந்தன மாலையை மறுபடி வாங்கும் நேரம் வந்துவிட்டது! இரண்டு வாங்கினால் கூடுதல் தள்ளுபடி" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இன்னொன்னு யாருக்குப்பா?" என்று கேட்டார். நான் போனை வாங்கி வைத்துவிட்டேன், பதில் சொல்லவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாத ஊர் இது. படத்துக்கு மாலை விற்கும் கடைக்காரர் 'மறுபடி வாங்க' என்று வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார். அந்த அறிவிப்பு அதற்குப் பிறகும் வந்தது. உங்கள் உதவி மையத்தில் சொன்னால், அறிவிப்புகளை மொத்தமாக நிறுத்திவிடச் சொல்கிறார்கள். நிறுத்தினால் பார்சல் எங்கே வருகிறது என்ற தகவலும் சேர்ந்து நின்றுவிடுகிறது. இது என்ன தீர்வு?

அப்பாவின் கடைசி மாதங்களில் பெரியவர்களுக்கான டயாப்பர் உங்களிடம்தான் வாங்கினோம். அதை வைத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று உங்கள் செயலி முடிவு செய்துகொண்டது. பால் புட்டி, தொட்டில் துணி, கிலுகிலுப்பை என்று வரிசையாக வந்தன. இதே கணக்கை என் தங்கையும் பயன்படுத்துகிறாள். வருடக்கணக்காகக் குழந்தைக்காக சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவள் அவள். செயலியைத் திறந்ததும் முதலில் அவள் கண்ணில் படுவது அந்தத் தொட்டில்தான்.

சிரிக்கும்படியானவையும் உண்டு. சமையலறையில் எலித் தொல்லை என்று ஒட்டு அட்டை வாங்கினேன். அடுத்த நாளே வெள்ளெலி வளர்க்கும் கூண்டு, அது ஏறி ஓடுவதற்கு ஒரு சின்னச் சக்கரம், சத்தான தீனி எல்லாம் வந்து நின்றன. என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் செயலியின் அதே கணக்கீடுதான் தொட்டிலையும் மாலையையும் காட்டுகிறது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அப்புறம் கிரைண்டர். இரண்டு லிட்டர் டேபிள் டாப் வெட் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். நன்றாக ஆட்டுகிறது. அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் முகப்பில் கிரைண்டர் தவிர வேறொன்றும் இல்லை. சிவப்பு, பச்சை, சாய்க்கும் வகை, சாய்க்காத வகை என்று தினமும் மாறி மாறி வருகிறது. ஒரு வீட்டில் கிரைண்டர் வாங்கினால் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். பாத்திரக் கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரர், பெல்ட் தேய்ந்தால் வாருங்கள், தேங்காய் துருவி தனியாக வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்பார். அது பரிந்துரை. எனக்கு மாவு வழிக்கும் வைப்பர் ஒன்று தேவைப்பட்டது. அதை உங்கள் செயலி கடைசிவரை காட்டவே இல்லை, நானேதான் தேடிப் பிடித்தேன்.

இது ஏன் நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். இதை வாங்கியவர்கள் கூடவே எதை வாங்கினார்கள் என்று பொருளுக்குப் பொருள் கணக்குப் பார்க்கும் முறையை அமேசான் பொறியாளர்கள் 2003இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். கோடிக்கணக்கான பேரின் கொள்முதலை வைத்துப் பார்க்கும்போது அது நல்ல முறைதான். ஆனால் யாருக்காக வாங்கினோம், எதற்காக வாங்கினோம், அது எத்தனை வருடம் உழைக்கும் என்பது அந்தக் கணக்கில் தானாக வந்துவிடாது. அதிலும் எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு போன் நம்பர், ஒரு கணக்கு. அதில் மூன்று தலைமுறைக்கும் சாமான், சில நேரம் பக்கத்து வீட்டு அக்காவுக்கும். அத்தனை பேரையும் ஒரே ஆளாக நினைத்தால் இப்படித்தான் வரும்.

கணினிதான் செய்தது, நாங்கள் என்ன செய்வது என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். 2006 ஜனவரியில் அமெரிக்காவில் வால்மார்ட்டின் இணையதளம், மனிதக் குரங்குகள் ஆளும் உலகத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் விற்பனைப் பக்கத்தில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பற்றிய திரைப்படங்களைப் பரிந்துரைத்தது. அதுவும் தானியங்கியின் வேலைதான். ஆனாலும் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, அந்தப் பரிந்துரை வசதியையே நிறுத்தி வைத்தது. பொறுப்பு விற்பவருக்குத்தான் என்பதில் அப்போதே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், 'இதை வைத்துப் பரிந்துரைக்க வேண்டாம்' என்று ஒரு பட்டன் வையுங்கள், அம்மா கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். பார்சல் தகவலையும் விளம்பர அறிவிப்பையும் பிரித்துவிடுங்கள். படத்துக்குப் போடும் மாலை, காரியச் சாமான், நோயாளிகளுக்கான பொருள்கள் இவற்றுக்கு 'மறுபடி வாங்குங்கள்' என்ற அறிவிப்பே போகக் கூடாது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். தமிழ் தெரிந்த உங்கள் ஊழியர் ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டால் ஒரு நாளில் முடியும். இதையெல்லாம் செய்ய நாளாகும் என்றால், என் கணக்கிலிருந்து அந்த மாலையையும் டயாப்பரையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அறிவிப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். உதவி மையத்திலிருந்து வந்த அந்த ஒரே மாதிரியான பதிலை மறுபடி அனுப்பாமல், கடிதத்தைப் படித்த ஒருவர் தமிழில் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சந்தன மாலை அறிவிப்பு, உதவி மைய உரையாடல், முகப்புப் பக்கம்.