சத்து மாத்திரைகளும் காய்ச்சல் குறிப்பேடும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

சளி, இருமல், காய்ச்சலோடு பரவிவரும் வைரஸ் தொற்றால் சில வகுப்புகளில் வருகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. சென்ற வாரம் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மிட்டாய் போலிருக்கும் வைட்டமின் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, "இதைச் சாப்பிட்டா காய்ச்சல் வராது" என்று சொல்லித் தோழிகளுக்கு ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டிருந்ததை வகுப்பாசிரியை பார்த்தார். அவளையோ வீட்டாரையோ நான் குறை சொல்லவில்லை. எனினும் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்த டப்பாதான்.

வைட்டமின் சி-யை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு வருபவர்களுக்குச் சளி சற்று விரைவில் விடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு மாத்திரையைத் தேடுவதால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. 4 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 650 மில்லிகிராம். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டைச் சப்பினாலே அதைத் தாண்டிவிடும். அதனால் வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சலில் ஏற்கெனவே நீர் வற்றியிருக்கும் குழந்தை மேலும் துவண்டுபோகும். துத்தநாகத்துக்கு அதே வயதில் வரம்பு 12 மில்லிகிராம்தான். மிஞ்சினால் குமட்டலும் வாந்தியும் வரும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, உடலில் தங்குவது; வாரம் ஒருமுறை என்று மருத்துவர் எழுதியதை நாள்தோறும் கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகும். குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொன்ன குழந்தைகளுக்கு அவர் சொன்ன அளவிலேயே கொடுத்து வாருங்கள். மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது மேல் என்பது என் கருத்து.

நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். எந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது, எந்த மருந்து எப்போது கொடுத்தீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பவற்றை ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு தாயார் அப்படி எழுதிய பக்கத்தை எனக்குக் காட்டினார். பாராசிட்டமாலைத் தாமும், அது கலந்த சளி மருந்தைப் பாட்டியும் ஒரே இரவில் கொடுத்திருந்தது அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகே அவருக்குத் தெரிந்ததாம். பாராசிட்டமாலின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட மூச்சைக் கவனியுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது அல்லது உறங்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். காய்ச்சலே மூச்சை வேகப்படுத்தும் என்பதால் சூடு இறங்கிய பின் மறுபடியும் எண்ணுங்கள். ஐந்து வயதைக் கடந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினால் விழிக்காமல் கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவும். ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலும், குழந்தை கையை ஆட்டினாலும், நகப்பூச்சு இருந்தாலும் தவறாகக் காட்டும். கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டக்கூடும். கையைச் சூடாக்கி, எண் நிலைத்த பிறகு படியுங்கள். 94 அல்லது அதற்குக் கீழே நின்றால் மருத்துவரை அழையுங்கள். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருவி 97 காட்டினாலும் குழந்தை மூச்சுக்குத் திணறினால், குழந்தையை நம்புங்கள், கருவியை அல்ல.

காலையில் மருந்து கொடுத்துச் சூட்டை இறக்கிப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளை மேசையில் தலைசாய்த்துவிடுகிறது. மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்து, பிள்ளை தெம்பாகவும் இருந்தால் அனுப்பலாம். இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிப்பது இயல்புதான், அதற்காக வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. விடுபட்ட பாடங்களை வகுப்பாசிரியர் எழுதித் தருவார். சத்து மாத்திரை எதையும் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். மருத்துவர் எழுதிய மருந்தைப் பள்ளி நேரத்தில் கொடுக்க வேண்டியிருந்தால், சீட்டோடு என் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்