தடுப்பூசி மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உயிருள்ள பாக்டீரியாவில் ஏற்றி வாய்வழியே கொடுக்கும் டிஎன்ஏ தடுப்பூசிக்கு அனுமதி கேட்ட எங்கள் கோப்பு மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. உயிருள்ள பாக்டீரியா என்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் போகச் சொல்கிறீர்கள். இது மரபணு சிகிச்சை என்று எங்களை அனுப்பிவைத்ததே அந்தக் குழுதான். மரபணு சிகிச்சைக் குழுவோ, தடுப்பூசிதானே என்று உங்களிடம் தள்ளிவிட்டது. எந்தக் குழுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பொறுப்பேற்கவும் இல்லை.

வெறும் டிஎன்ஏவைத் தசையில் செலுத்தினால் நோயெதிர்ப்பு அணுக்களை எட்டுவது சொற்பம் என்பது நீங்கள் அறிந்ததே. வீரியம் குறைத்த சால்மோனெல்லா பாக்டீரியாவுக்குள் தடுப்பூசி மரபணுவைத் தாங்கிய சிறு டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டை வைத்து வாய்வழியே கொடுத்தால், குடற்சுவரைத் தாண்டியதும் நோயெதிர்ப்பு அணுக்களான மாக்ரோஃபேஜ்களும் டென்ட்ரிட்டிக் செல்களும் அதை விழுங்குகின்றன. செல்சுவருக்கு வேண்டிய டைஅமினோபிமெலிக் அமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாத ஷிகெல்லா பாக்டீரியா, விலங்குச் செல்லுக்குள் போய்ச் சிதைந்து டிஎன்ஏவைச் சேர்ப்பதை 1995-லேயே காட்டிவிட்டார்கள். டைபாய்டுக்கு வீரியம் குறைத்த சால்மோனெல்லாவை 1980-களிலேயே வாய்வழியே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கோப்பு காத்திருக்கலாம், பாக்டீரியா காத்திருக்காது. உறைய வைத்து உலர்த்திய குப்பிகளில் உயிருள்ளவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். மறுபடி வளர்த்தால் சில பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டையே உதிர்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் தட்டுகளில் பரப்பி, வளர்ந்த புள்ளிகளை எண்ணி, எத்தனையில் பிளாஸ்மிட் தங்கியிருக்கிறது என்று முதலிலிருந்து பார்க்கிறோம். இதில் புதிதாக ஒன்றும் தெரியவரப் போவதில்லை. தெரிந்ததையே மறுபடி நிரூபிக்க இளம் ஆய்வாளர்களின் காலம் கரைகிறது. ஏற்கெனவே உள்ள பெட்டிகளில் அடங்காத எந்த ஆய்வுக்கும் இதே கதி என்றால், புதிய தடுப்பூசிகள் வேண்டும் என்று மேடைதோறும் பேசுவது எதற்காக?

ஐயங்கள் இருக்கட்டும். எங்களுக்கும் உண்டு. நோயெதிர்ப்புக் குன்றியவர்களுக்கு வீரியம் குறைத்த கிருமியும் ஆபத்தாகலாம். பிளாஸ்மிட்டில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு இருந்தால் அது குடலிலுள்ள மற்ற பாக்டீரியாக்களுக்குத் தாவலாம். கழிவின் வழியே எத்தனை நாள் வெளியேறும் என்று கேட்பதும் நியாயமே. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். எந்தச் சோதனை, எந்த அளவு, எத்தனை நாள் கண்காணிப்பு என்று சொன்னால் செய்து காட்டுகிறோம். தேறாவிட்டால் மறுத்துவிடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். பதிலே இல்லாமல் அலைக்கழிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மூன்று குழுக்களும் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து, இவ்வகைத் தடுப்பூசிகளுக்குப் பொறுப்பான குழு எது என்று முடிவு செய்து, அதன் நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தடுப்பூசி ஆய்வாளர் ஒருவர்