‘உறவினர் இருந்தால் போதும்’ என்ற வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வாழ்வோர் அங்கேயே புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவதைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘மொழி தெரிந்த உறவினர் ஒருவர் உடன் இருந்தால் போதும்’ என்ற வரியைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த உறவினராக ஓராண்டுக் காலம் இருந்தவள் நான்.

என் அக்காவின் மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றும், இனித் தரும் சிகிச்சை நோயைக் கட்டுக்குள் வைப்பதற்கே தவிரக் குணப்படுத்துவதற்கன்று என்றும் மருத்துவர் சொன்னபோது, அதை அவளிடம் தமிழில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “கல்லீரலிலும் கொஞ்சம் கட்டி இருக்கிறதாம், மருந்தை மாற்றுகிறார்கள்” என்று மட்டும் சொன்னேன். மீதியை விழுங்கிவிட்டேன். அந்த மீதி தெரியாமலேயே அவள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டாள். பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அங்கே இருந்திருந்தால், நான் தங்கையாக மட்டும் அவள் அருகில் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்வார்கள். அக்கா எப்போதும் ‘மூன்று’ என்பாள். சொல்லும்போதே கட்டில் கம்பியைப் பற்றியிருக்கும் அவள் விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருக்கும். செவிலியர் மூன்று என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தை உயர்த்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வெளியிட்டுவிட்டது; ஆனால் அடுத்த படிக்கு அவளை ஏற்ற, ‘இரவில் புரண்டு படுக்க முடிகிறதா அம்மா’ என்று அவள் மொழியில் கேட்க ஆள் வேண்டுமே!

கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற தாளும் அவளால் படிக்க முடியாத மொழியில்தான் இருந்தது. நான் வேலைக்குப் போயிருந்த ஒருநாள், உடல் நடுங்க, மாலைவரை எனக்காகக் காத்துக் கிடந்தாள். அன்று பிழைத்தாள் என்றாலும் அந்த மாலையை நான் மறக்கவில்லை.

உறவினரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. பொய் சொல்லவைத்ததே அந்த அன்புதான் என்பதால் எழுதுகிறேன். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, மருத்துவரைப் பார்க்க நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள் என ஒரு கட்டத்துக்குள் அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி